சக்கரத்தைத் தட்டிப் பார்க்கிறவர்

சென்ற வாரம் சொந்தக் காரியமாக ராஜபாளையத்திலிருந்து ஆலங்குளத்துக்குப் போக நேர்ந்தது. ஆலங்குளம் என்றவுடன் தென்காசிப் பக்கத்து ஆலங்குளத்தை நினைத்துக்கொள்ளும் நேயர்கள் உண்டு. நாம் சொல்வது அதுவன்று. விருதுநகர் ஜில்லாவில், கரிசல் காட்டுக்கு நடுவே, அரசாங்கச் சிமெண்ட் ஆலையினால் பெயர் பெற்றிருக்கும் ஆலங்குளம். போன காரியம் சீக்கிரமே முடிந்துவிட்டது. திரும்புகிற பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. ஆகையால் சாலையோரத்துத் தேநீர்க் கடைப் பெஞ்சியில் அமர்ந்து, போகிறவர் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைக்கு எதிரே மூட்டை ஏற்றிய லாரி ஒன்று புறப்படத் தயாராக நின்றது. அதன் கிளீனருக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கலாம். கையில் ஒரு சிறு இரும்புத் தடியை வைத்துக்கொண்டு, டயர் டயராகத் தட்டிக்கொண்டு வந்தான். மிருதங்க வித்துவான் கச்சேரிக்கு முன்னால் சுருதி பார்ப்பாரே, அந்தச் சிரத்தை அவனிடம் இருந்தது. பின்பக்கத்து ஜோடிச் சக்கரத்தில் உள் டயரைத் தட்டியதும் நின்றான். மறுபடியும் தட்டினான். பிறகு கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தான்:

"அண்ணாச்சி, உள் டயர் சத்தம் சரியில்லை."

டிரைவர் தேநீரில் பாதிதான் குடித்திருந்தார். இருட்டுவதற்குள் தூத்துக்குடி போய்ச் சேரவேண்டும் என்று சற்று முன்புதான் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனாலும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். குனிந்து தாமே ஒரு தட்டுத் தட்டினார். ஜாக்கியை எடுக்கச் சொன்னார்.

"அரை மணி போச்சே, அண்ணாச்சி!" என்றார் கடைக்காரர்.

"சத்தம் சொல்லுது. இப்பக் கேக்காமப் போனா, பெறகு அது வேற மாதிரிச் சொல்லும்" என்றார் டிரைவர்.

அந்தச் சமயத்தில் மேற்கு மலைப் பக்கமிருந்து ஓர் ஆகாய விமானம் வெகு உயரத்தில் கிழக்கு நோக்கிப் போயிற்று. சக்கரத்தின் மறையைக் கழற்றிக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து பார்த்தான். "அண்ணாச்சி, அதோட சக்கரத்தை யாரு தட்டிப் பாப்பாக?" என்று கேட்டான். டிரைவருக்கு விடை தெரியவில்லை. நம் கையில் பத்திரிகையும் மூக்கில் கண்ணாடியும் இருந்ததைக் கண்டு, "ஐயாவைக் கேளு" என்று நம்மிடம் தள்ளிவிட்டார். நாம் ஏதோ சொல்ல ஆரம்பிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. பதில் சொல்லாமலே ஏறிவிட்டோம். அந்தப் பாக்கியைத் தீர்க்கவே இந்த வாரம் இதை எழுதுகிறோம்.

*

விமானம் என்றால் நம் எல்லோருக்கும் முதலில் இறக்கைதான் ஞாபகம் வருகிறது. அதற்குக் காலும் உண்டு என்பதை நாம் நினைப்பதில்லை. காலும் சக்கரமும் சேர்ந்த அந்த அமைப்பை இக்காலத்தில் 'லாண்டிங் கியர்' என்கிறார்கள். நாம் விமானத்தின் கால் என்றே சொல்லிவிடுவோம்.

1932-ம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி, ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டையுடன் பம்பாய் ஜுஹுவில் வந்து இறங்கினாரல்லவா? டாட்டாவின் விமானத் தபால் சேவைக்கு அன்றுதான் பிள்ளையார் சுழி போடப்பட்டது. பம்பாயிலிருந்து நெவில் வின்ஸென்ட் என்பவர் பல்லாரி வழியாக அதைச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அவர்கள் ஓட்டியது 'புஸ் மாத்' என்னும் சின்ன விமானம். அதன் கால்கள் எப்போதும் நீட்டியபடியே இருக்கும், மடக்க முடியாது. அந்தக் காலைக் கொண்டே இன்னொரு வேலையையும் வாங்கினார்கள். காலின் மேல் மூடியிருந்த தகட்டைக் குறுக்கே திருப்பிவிட்டால், அது காற்றை எதிர்த்து நின்று வேகத்தைக் குறைக்கும். கால் பிரேக்காகவும் உதவிற்று.

விமானத்தின் வேகம் கூடக்கூட, தொங்குகிற கால் ஒரு பாரமாயிற்று. காற்றில் அது இழுத்த இழுப்பில் பெட்ரோல் வீணாயிற்று. ஆகவே, பறக்கும்போது பறவைகள் பல தம் காலை ஒடுக்கிக்கொள்வதுபோல் விமானமும் காலை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பாடு 1930-களில் பரவலாயிற்று. ஏற்பாடு நல்லதுதான். ஆனால் மடக்குவதென்று ஏற்பட்டவுடனே, மடங்காமல் போவது, நீளாமல் போவது, பாதியில் நிற்பது, நீட்ட மறப்பது ஆகிய நான்கு உபத்திரவங்களும் கூடவே பிறந்துவிட்டன.

இன்றைக்கும் விமானம் ஓட்டக் கற்கும் மாணவர்களிடம் கொடுக்கப்படும் 'செஸ்னா 172' போன்ற சிறு விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு மடங்காத காலே இருக்கிறது. மறதிக்கு அங்கே இடமில்லை. ஆனால் வேறு ஆபத்து உண்டு. பின்னாலுள்ள இரண்டு சக்கரங்களின் கால்கள் தடித்தவை. இறங்கும் அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டவை. முன்மூக்கின் கீழிருக்கும் கால் மெலிந்தது. தரையில் ஓடும்போது திசை திருப்புவதற்காக ஏற்பட்டது. புது மாணவர் பதற்றத்தில் மூக்கைத் தாழ்த்தி அந்த மெலிந்த கால் முதலில் தரையில் படும்படி இறக்கிவிட்டால், விமானம் பந்துபோல் எகிறும். எகிறினதைச் சரி செய்ய மறுபடி மூக்கைத் தாழ்த்துவார், மறுபடி எகிறும். இரண்டாவது, மூன்றாவது துள்ளலில் முன்கால் மடிந்துவிடும். காற்றாடி தரையில் உரசி வளைந்துபோகும். 'எகிறினால் இறக்கப் பார்க்காதே. யந்திரத்துக்கு முழுவேகம் கொடுத்து மேலே போய், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வா' என்று ஆசிரியர்கள் தலையால் அடித்துக்கொண்டு சொல்வது இதனால்தான்.

*

இப்போது பையனின் கேள்விக்கு வருவோம். விமானத்தின் காலை யார் தட்டிப் பார்க்கிறார்கள்?

ஒரு மெல்லிய கம்பியை எடுத்து முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால், அது ஒரு சமயத்தில் பட்டென்று ஒடிந்துவிடுகிறது. நாம் அதிக பலத்தை உபயோகிக்கவில்லை. பல தடவை வளைத்தோம், அவ்வளவுதான். விமானத்தின் காலும் அப்படியே. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் அதன் உலோகம் சிறிது வளைந்து நிமிர்கிறது. ஆயிரம் தடவை ஒன்றும் ஆவதில்லை. பிறகு எங்கேயோ ஒரு மூலையில், தலைமயிரைவிட மெல்லியதாக ஒரு விரிசல் தோன்றுகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. வெளியே பார்த்தால் கால் புதிதுபோல் பளபளவென்று இருக்கும்.

இந்த விரிசலைக் கண்டுபிடிக்க, விமானக் கொட்டகையில் இருக்கும் மெக்கானிக்குகள் ஒரு யுக்தி செய்கிறார்கள். காலின் பாகங்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதன்மேல் ஒரு வர்ணச் சாயத்தைப் பூசுகிறார்கள். விரிசல் இருந்தால் சாயம் அதற்குள் இறங்கிவிடும். பிறகு மேலே உள்ள சாயத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடியைத் தூவுகிறார்கள். உள்ளே ஒளிந்திருந்த சாயம் மெல்ல ஊறி வெளியே வந்து, வெள்ளைப் பரப்பில் ஒரு சிவப்புக் கோடு கிழிக்கிறது. ஆலங்குளத்துப் பையனின் இரும்புத் தடி செய்கிற அதே வேலைதான் இது. அவன் காதால் கேட்கிறான். இவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள்.

விரிசல் தவிர வேறு வியாதிகளும் உண்டு. காலை மடக்கி நீட்டும் எண்ணெய்க் குழாய் கசியலாம். மின்சார மோட்டார் சுழலாமற் போகலாம். நீட்டிய கால் தாழ்ப்பாள் விழாமல் நிற்கலாம். அச்சைச் சுற்றியுள்ள பேரிங்குகள் தேய்ந்து சக்கரமே கழன்றுபோகலாம். இவற்றுக்கெல்லாம் மாற்று ஏற்பாடுகள் செய்து வைத்திருக்கிறார்கள். எண்ணெய் இல்லாவிட்டால், தாழ்ப்பாளைத் திறந்துவிட்டால் கால் தன் எடையாலேயே கீழே விழும். வேறு சில சிறு விமானங்களில் கிணற்று ராட்டினத்தைச் சுற்றுவதுபோல் விமானி கையாலேயே சுற்றி இறக்கவேண்டும்.

இவ்வளவும் இருந்தாலும் அடிப்படையான ஒரு சங்கடம் தீரவில்லை. மேலே உட்கார்ந்திருக்கும் விமானிக்குத் தன் காலைப் பார்க்க முடியாது! அவருக்குத் தெரிவதெல்லாம் முன்னாலுள்ள பலகையில் எரியும் மூன்று பச்சை விளக்குகள். மூன்றும் எரிந்தால் மூன்று கால்களும் நீண்டு பூட்டிக்கொண்டன என்று அர்த்தம். ஒன்று எரியவில்லையென்றால், கால் நீளவில்லையா, அல்லது விளக்குத்தான் கெட்டுவிட்டதா? சிலவகைச் சிறு விமானங்களில் இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. இறக்கை நுனி விளக்குகளைப் போட்டால் இந்தப் பச்சை விளக்குகள் தாமாக மங்கிவிடும். இராத்திரியில் விமானியின் கண் கூசாமலிருக்க அந்த ஏற்பாடு. பட்டப்பகலில் அந்த ஸ்விட்சைத் தவறிப் போட்டுவிட்டு, பச்சை விளக்கு எரியவில்லை என்று கதிகலங்கிய விமானிகள் எத்தனையோ பேர்! இரட்டை யந்திரமுள்ள சில சிறு விமானங்களில், யந்திரக் கூட்டின் பக்கத்தில் ஒரு கண்ணாடி பொருத்தியிருப்பார்கள். முகம் பார்க்க அல்ல, முன்சக்கரம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க.

எந்தக் கண்ணாடியும் உதவாதபோது விமானி என்ன செய்வார்? விமான நிலையத்துக் கோபுரத்தின் அருகே தாழப் பறந்து போவார். கோபுரத்தில் இருப்பவர் தூரதிருஷ்டிக் கண்ணாடியால் பார்த்து, கால் தொங்குகிறதா இல்லையா என்று வானொலியில் சொல்லுவார். தன் காலைத் தானே காண முடியாதவன் தரையில் இருக்கும் இன்னொருவன் கண்ணைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. இதை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

*

2021-ம் வருஷம் மே மாதம் 6-ந் தேதி. கொரோனாவின் இரண்டாவது அலை தேசமெங்கும் உக்கிரமாக இருந்த காலம். நாகபுரி விமான நிலையத்திலிருந்து, நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு ஒரு சிறு விமானம் கிளம்பிற்று. 'பீச்கிராப்ட் கிங் ஏர் சி-90' என்னும் ரகம். இரட்டைக் காற்றாடி உள்ளது. ஆகாயத்தில் பறக்கும் ஆம்புலன்ஸ். நோயாளி, உடன் வந்தவர்கள், விமானிகள் எல்லோருமாக ஐந்து பேர்.

விமானம் ஓடுபாதையில் ஓடி மேலே எழும்பும் சமயத்தில் ஒரு சக்கரம் கழன்று கீழே விழுந்துவிட்டது. விமானத்தில் இருப்பவர்களுக்கு இது தெரிய நியாயமில்லை. யந்திரத்தின் இரைச்சலில் ஒரு சக்கரம் போன சத்தம் காதில் விழுமா? கால் இருக்கிறது, மடங்குகிறது, விளக்கும் அதன்படி எரிகிறது. சக்கரம் இருக்கிறதா என்று சொல்ல அந்தப் பலகையில் எந்த விளக்கும் இல்லை.

ஆனால் தரையில் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையைச் சேர்ந்த ஒரு காவலர். விமானம் ஓட்டுவது அவர் வேலையல்ல. விமான நிலையத்தைக் காப்பது அவர் வேலை. ஏதோ விழுந்தது என்று கண்டவுடன் அவர் மேலே தகவல் கொடுத்தார். விமானிக்குச் செய்தி போயிற்று.

அந்த விமானத்தின் தலைவர் கேப்டன் கேசரி சிங். விமானத்தை மும்பைக்குத் திருப்பினார்கள். பெரிய ஓடுபாதையும் தீயணைப்பு வசதிகளும் நிறைந்த இடம் அது. அங்கே ஓடுபாதையில் நுரையைப் பரப்பி வைத்தார்கள். உரசலில் பொறி பறந்து தீப்பற்றாமலிருக்க அது உதவும் என்பது எண்ணம். அது அவசியமா என்பதில் இக்காலத்து நிபுணர்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் சக்கரத்தோடு கால். மறுபக்கம் சக்கரமில்லாத மொட்டைக் கால். இப்படியே இறங்கினால் மொட்டைக் கால் தரையில் ஊன்றிக்கொண்டு, விமானத்தைப் பம்பரம்போல் ஒரு பக்கமாகச் சுழற்றிவிடக்கூடும். ஆகையால் எல்லாக் கால்களையும் மடக்கியபடி வயிற்றால் வழுக்கிக்கொண்டு இறங்குவது மேல். கேசரி சிங் அப்படியே இறக்கினார். இரவு ஒன்பது மணிவாக்கில் விமானம் நுரையில் சறுக்கிக்கொண்டு போய் நின்றது. நோயாளி உட்பட ஐவருக்கும் ஆபத்தில்லை.

விமானியின் திறமையைத் தேசம் புகழ்ந்தது; அது நியாயமே. ஆனால் அந்தத் திறமைக்குச் சந்தர்ப்பம் கொடுத்தவர் நாகபுரியின் காவலர் அல்லவா? அவர் 'நமக்கென்ன, கோபுரத்தில் இருப்பவர்கள் பார்த்திருப்பார்கள்' என்று சும்மா இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சக்கரம் போனது தெரியாமலே விமானி காலை நீட்டி, வழக்கமான வேகத்தில், வழக்கம்போல் இறக்கியிருப்பார்.

இன்னொரு சம்பவம். 2025-ம் வருஷம் செப்டம்பர் 12-ந் தேதி, குஜராத்தின் கண்ட்லாவிலிருந்து 70-க்கும் மேற்பட்ட பிரயாணிகளுடன் மும்பைக்குக் கிளம்பிய 'க்யூ 400' என்னும் காற்றாடி விமானத்திலிருந்து வெளிப்புறச் சக்கரம் ஒன்று கழன்று விழுந்தது. கோபுரத்தில் இருந்தவர்கள் கறுப்பாக ஏதோ விழுவதைக் கண்டார்கள். ஜீப்பை அனுப்பித் தேடினார்கள், சக்கரம் கிடைத்தது. அந்த விமானத்தில் காலுக்கு இரண்டு சக்கரமாகையால் மிஞ்சியது தாங்கிற்று. மும்பையில் எல்லோரும் சுகமாக இறங்கினார்கள்.

நம் ஊர்ச் சம்பவத்தையும் சொல்லவேண்டும். 2024-ம் வருஷம் அக்டோபர் 11-ந் தேதி மாலையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அது சிறு விமானமல்ல. 140-க்கும் மேற்பட்டோரை ஏற்றிய 'போயிங் 737'. எழும்பியதும் எண்ணெய் அழுத்தத்தில் கோளாறு கண்டது. அந்த ரக விமானத்தில் எரிபொருளை ஆகாயத்தில் கொட்ட வழியில்லை. பாரம் குறைய எரித்துத்தான் தீர்க்கவேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அது வட்டமிட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரமும் தமிழ் நாடே தொலைக்காட்சியின் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் கால்கள் ஒழுங்காக நீண்டன. விமானம் சாதாரணமாகவே இறங்கிற்று.

*

இதுவரை சொன்னவையெல்லாம் மங்களமாக முடிந்தவை. விமானக் கால் கெட்டுப்போவதால் மட்டும் உயிர்ச்சேதம் ஏற்படுவது, சிறு விமானங்களைப் பொறுத்தவரையில், அபூர்வமே. காற்றாடி வளையும், வயிற்றுத் தகடு கிழியும், சொந்தக்காரருக்குப் பெருநஷ்டம், உள்ளே இருந்தவர்கள் கதவைத் திறந்துகொண்டு நடந்து வருவார்கள். பின் உயிரைக் குடிப்பது எது? அதற்கு மூன்று சம்பவங்களைச் சொல்லுவோம். இவை பெரிய விமானங்களில் நடந்தவை. ஆனால் இவற்றின் பாடம் சிறிய விமானத்துக்கும் உண்டு. விமானமே ஏறாதவர்களுக்கும் உண்டு.

1972-ம் வருஷம் டிசம்பர் 29-ந் தேதி இரவு, அமெரிக்காவில் மயாமி நகரத்தை நெருங்கிய ஒரு பெரிய விமானத்தில் முன்காலின் பச்சை விளக்கு எரியவில்லை. விமானிகள் 2,000 அடி உயரத்தில் சுற்றிக்கொண்டு விளக்கை ஆராய்ந்தார்கள். ஒருவர் அதைக் கழற்றினார், ஒருவர் மாட்டினார், ஒருவர் கீழே அறைக்குள் இறங்கிக் காலைப் பார்க்கப் போனார். எல்லோரும் விளக்கைப் பார்த்தார்கள். விமானம் தாழ்ந்துகொண்டே போவதை ஒருவரும் பார்க்கவில்லை. தரையில் ராடார் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு உயரம் 900 அடி என்று தெரிந்தது. அவர் 'அங்கே எப்படியிருக்கிறது?' என்கிற தோரணையில் பொதுப்படையாக விசாரித்தார். 'உங்கள் உயரம் குறைகிறது' என்று சொல்லவில்லை. விமானம் சதுப்பு நிலத்தில் மோதிற்று. 176 பேரில் 101 பேர் மாண்டார்கள். ஆராய்ந்ததில், கால் சரியாகத்தான் நீண்டிருந்தது. பல்புதான் கெட்டுப் போயிருந்தது.

1978-ம் வருஷம் டிசம்பர் 28-ந் தேதி, அமெரிக்காவிலேயே போர்ட்லண்டு நகரத்தின் மேல் இன்னொரு விமானம். வலப்பக்கத்துக் கால் தடாலென்று விழுந்தது. அதன் விளக்கு எரியவில்லை. தலைவர் சுமார் ஒரு மணி நேரம் சுற்றிக்கொண்டே, பிரயாணிகளைத் தயார் செய்வதில் ஈடுபட்டிருந்தார். எரிபொருள் தீர்ந்துகொண்டு வருவதை உடனிருந்த யந்திரப் பொறுப்பாளர் அறிவார். அவர் ஜாடையாகச் சொன்னார், பவ்வியமாகச் சொன்னார். 'ஐயா, இப்போதே இறங்காவிட்டால் விழுந்துவிடுவோம்' என்று உறைக்கச் சொல்லவில்லை. நான்கு யந்திரங்களும் ஒவ்வொன்றாக நின்றன. பத்துப் பேர் இறந்தார்கள். இதற்குப் பிறகுதான், கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் எப்படித் துணிந்து சொல்வது, மேலே இருப்பவர் அதை எப்படிக் காது கொடுத்துக் கேட்பது என்பதையே ஒரு பாடமாக வைத்து, விமானிகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார்கள். இன்று உலகமெங்கும் அது கட்டாயப் பாடம்.

மூன்றாவது நம் அயல் நாட்டில் நடந்தது. 2020-ம் வருஷம் மே 22-ந் தேதி, லாகூரிலிருந்து வந்த விமானம் கராச்சியில் கால் நீட்டாமலே ஓடுபாதையைத் தொட்டது. எச்சரிக்கை மணிகள் ஒலித்தன, விமானிகள் மதிக்கவில்லை. இரு யந்திரங்களும் தரையில் உராய்ந்து பொறி பறந்தது. விமானம் மறுபடி மேலே எழும்பிற்று. உரசினதைக் கோபுரத்தில் இருந்தவர் கண்டார். ஆனால் அந்தச் செய்தி விமானிகளின் காதுக்குப் போய்ச் சேரவே இல்லை. சேதமடைந்த யந்திரங்கள் இரண்டும் சில நிமிஷங்களில் நின்றுபோயின. விமானம் வீடுகளின்மேல் விழுந்தது. அதிலிருந்த 99 பேரில் இருவரே பிழைத்தார்கள். யந்திரம் உராய்ந்ததை விமானிகள் உடனே அறிந்திருந்தால் அந்த முடிவை மாற்றியிருக்க முடியுமோ, முடியாதோ. அறியும் வாய்ப்பே அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

நாகபுரியில் கண்டவர் சொன்னார். மயாமியில் கண்டவர் மழுப்பினார். போர்ட்லண்டில் தெரிந்தவர் தயங்கினார். கராச்சியில் கண்டது போய்ச் சேரவில்லை. நான்கு இடத்திலும் தொல்லை கொடுத்தது விமானக் கால்தான். பலன் மாத்திரம் எவ்வளவு வித்தியாசம்!

*

நேயர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் ஆடிப்பூரத் தேரைப் பார்த்திருப்பார்கள். பார்க்காதவர்கள் அவசியம் ஒரு தடவை பார்க்கவேண்டும். வடத்தை ஆயிரக்கணக்கானவர்கள் பிடித்து இழுக்கிறார்கள். ஆனால் தேர் எங்கே திரும்பவேண்டும், எங்கே நிற்கவேண்டும் என்பது சக்கரத்தடியில் முட்டுக்கட்டையுடன் குனிந்து நிற்கும் சிலரிடம் இருக்கிறது. வடத்தைப் பிடித்தவர்களுக்குச் சக்கரம் தெரியாது. தேர் மேல் நிற்பவர்களுக்கும் தெரியாது. சக்கரத்தின் பக்கத்தில் இருப்பவர் கையைத் தூக்கினால் அத்தனை பேரும் நின்றாகவேண்டும். 'நீ யார் எங்களை நிறுத்த?' என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் என்ன ஆகும் என்று ஊருக்குத் தெரியும்.

இந்தப் பழக்கம் தேரோடும் வீதியோடு நின்றுவிடுகிறதே என்பதுதான் நம் கவலை. நம் காரியாலயங்களில், ஆலைகளில், ஏன், வீடுகளிலேகூட, சக்கரத்தின் பக்கத்தில் இருக்கிறவன் வாய் திறந்தால் 'உனக்கென்ன தெரியும்?' என்கிறோம். பள்ளிக்கூட வண்டியின் கதவு சரியாகச் சாத்தவில்லை என்று ஏழு வயதுக் குழந்தை சொல்லுகிறது. 'பேசாமல் உட்கார்' என்கிறோம். அடுப்பங்கரையில் ஏதோ வாயு நாற்றம் வருகிறது என்று வேலைக்கு வரும் அம்மாள் சொல்லுகிறாள். 'எனக்கு ஒன்றும் தெரியவில்லையே' என்று பத்திரிகையைப் புரட்டுகிறோம். ஆலையில் யந்திரத்தின் ஓசை மாறிவிட்டது என்று எண்ணெய் போடுகிறவர் சொல்லுகிறார். மேஸ்திரி மேலதிகாரியிடம் போய்ச் சொல்லக் கூசுகிறார். இப்படி இரண்டு தடவை வாயை அடக்கிவிட்டால், மூன்றாம் தடவை கண்டவர் சொல்லமாட்டார். அப்புறம் அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

தேசம் சுதந்திரம் அடைந்தது 1947-ல். கடைசிச் சிப்பந்தி கண்டதைக் கூசாமல் சொல்லவும், தலைவர் அதை முகம் சுளிக்காமல் கேட்கவும் பழகிக்கொள்வதும் அந்தச் சுதந்திரத்தில் ஒரு பங்குதான் என்று நமக்குத் தோன்றுகிறது. நாகபுரியில் ஒரு காவலரின் வார்த்தை, ஆகாயத்தில் பறந்துகொண்டிருந்த ஒரு கேப்டன் வரையில் தடையில்லாமல் போயிற்று. வழியில் யாராவது ஒருவர், 'காவலர்தானே, அவருக்கென்ன தெரியும்?' என்று நினைத்திருந்தால் அந்தச் சங்கிலி அறுந்துபோயிருக்கும். அறவில்லை. அதற்காக நாம் பெருமைப்படலாம்.

ஆலங்குளத்துத் தம்பிக்கு நாம் தரவேண்டிய பதில் இதுதான்: விமானத்தின் சக்கரத்தையும் உன்னைப்போல் ஒருவர்தான் தட்டிப் பார்க்கிறார். கொட்டகையில் சாயம் பூசிப் பார்க்கிறார். கோபுரத்திலிருந்து கண்ணாடி வைத்துப் பார்க்கிறார். ஓடுபாதை ஓரத்தில் காவல் நின்றபடி பார்க்கிறார். அவர் சொல்வதைக் கேட்க, உன் அண்ணாச்சியைப்போல் ஒருவர் மேலே இருந்துவிட்டால், பயமில்லாமல் ஏறி உட்காரலாம்.

நமது பஸ் கிளம்பியபோது லாரியின் உள் டயரைக் கழற்றிக் கீழே போட்டிருந்தார்கள். டயரின் உட்பக்கத்தில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கிழிசல் தெரிந்தது. டிரைவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பையனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தார்.